நீ வைத்துவிட்டுப் போன ஹம்மஸ்

சேகருக்கு, உன் நைனா சொல்லி எழுதுவது.

மலையிலிருந்து பாறையும் சேறும் சரிந்து வந்து அடிவாரத்து வீட்டை மூடிவிட்டதே, அந்தக் கார்த்திகை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, பெண்ணையாறு கரை தெரியாமல் ஓடிய கார்த்திகை. தீபத்தன்று பொதுஜனம் ஒருவரையும் மலையேற விடாமல் போலீஸ் மறித்து நின்றது. நாம் இரண்டு பேரும் மொட்டை மாடியில் நின்றுதான் தீபம் பார்த்தோம். ஆடியில் உன் அம்மா போன பிறகு வந்த முதல் தீபம் அது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, காலண்டர் பார்க்கத் தெரியாது. ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் என்னை ஒருவரும் ஏமாற்ற முடியாது. நீ முதன்முதலாக அந்த ஹம்மஸை என் முன்னால் கொண்டுவந்து வைத்தது தீபத்துக்கு மறுநாள் காலையில். மழை விட்டிருந்தது. நீ பனியனோடு இருந்தாய்.

போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே "சரி நைனா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியிடம் சொல்லி எழுதச் சொல்கிறேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காதாம், புத்தகத்தில் இருப்பது போல மாற்றி எழுதுகிறாள். மாற்றுகிற சாக்கில் என்ன சேர்க்கிறாள், எதை விடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. எழுதி முடித்ததும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வண்டி எடுத்துக்கொண்டு வந்து, இந்த வீட்டைப் பூட்டி, என்னைப் பெங்களூருக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். வருவதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும். உன்னைப் போல வெளியூரில் இருந்துகொண்டு, பெற்றவன் என்ன சாப்பிட்டான் என்று போனில் கேட்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

நீ அன்றைக்கு வைத்த கிண்ணத்தை நான் மறக்கவில்லை. சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பட்டி பார்ப்பார்களே, அந்த மாவு போலவே இருந்தது. நடுவில் கரண்டியால் ஒரு குழி. குழியில் எண்ணெய் நின்றது. மேலே மிளகாய்த்தூள் தூவியிருந்தாய். எண்ணெயை ஊற்றி எதையோ மறைத்திருக்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"இன்னாடா இது?"

"ஹம்மஸ் நைனா."

"எதுல செஞ்சது?"

"மூக்கடலதான். ராத்திரி ஊற வெச்சேன், காலைல வேக வெச்சு அரைச்சேன்."

"மூக்கடலன்னா சுண்டல் செய்யி. அத்த எதுக்கு இந்தக் கோலம் பண்ணி வெச்சிருக்க?"

"சுண்டல் செஞ்சா உன்னால மெல்ல முடியுமா?"

மிச்சமிருந்த பல்லையும் ஐப்பசியில் பிடுங்கியாயிற்று. நீ கட்டிக்கொடுத்த பல்செட் டம்ளரில் கிடந்தது. அதைப் போட்டால் வேறு யாருடைய வாயையோ நான் சுமந்துகொண்டு திரிவது போல இருக்கிறது. உன் அம்மா இருந்தவரை எனக்கென்று குழைய வடித்து, பருப்பை மசித்துப் போடுவாள். அவள் போன பிறகு காலையில் டீயும் பன்னும், மத்தியானம் கஞ்சி, பொழுது சாய்ந்தால் மறுபடியும் டீயும் பன்னும். மண்டியில் கடலை மூட்டை தூக்கிய உடம்பு, சட்டைக்குள்ளே தேட வேண்டியதாகிவிட்டது. சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரம்மா உன்னிடம் தனியாகப் பேசினாள். கஞ்சியும் பன்னும் சர்க்கரையை ஏற்றும், சதையைக் கரைக்கும், பயறு பருப்பு உள்ளே போக வேண்டும் என்று அவள் சொன்னதாக நீ சொன்னாய். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பது உங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பிறகு நீ எனக்குப் பாடம் எடுத்தாய். கடலையில் புரதம் இருக்கிறது, நார் இருக்கிறது, அரிசி மாதிரி சர்க்கரையைச் சடாரென்று ஏற்றாது, எள் எலும்புக்கு நல்லது, மெல்ல வேண்டாம், நாக்கால் அழுத்தினால் போதும் என்றாய். எங்கோ அரபு நாட்டுப் பக்கம் இதைக் காலையிலும் சாப்பிடுவார்கள், விருந்திலும் வைப்பார்கள், நமக்குச் சட்னி எப்படியோ அவர்களுக்கு இது அப்படி என்றாய். பெங்களூர் ஓட்டலில் தினம் ஒரு அண்டா அரைக்கிறவன் நீ, உனக்குத் தெரியாமல் இருக்குமா. ஆனால் நீ பேசி முடித்ததும் ஒன்று சொன்னாய். "பொங்கல் வரிக்கும் பாக்கறேன் நைனா. தெனம் ஒரு கிண்ணம் இத்தச் சாப்ட்டு உடம்பு தேறுச்சுனா இங்கயே இரு. இல்லனா வூட்டப் பூட்டிட்டு என்னோட வந்துடணும்." நான் இதைத் தின்ன மாட்டேன் என்று தெரிந்தேதான் வைக்கிறானோ, வீட்டைப் பூட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கிறானோ என்ற எண்ணம் எனக்கு அந்த நிமிஷமே வந்துவிட்டது. பெற்ற பிள்ளையை இப்படி நினைக்கலாமா என்று நீ கேட்பாய். வயசானவனுக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லி வருகிற எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பூட்டு இருப்பதை நான் நாலு வீட்டில் பார்த்தவன்.

ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சில்லென்று இருந்தது, புளித்தது. வேகவைத்த கடலையை அரைத்து வைத்ததில் புளிப்பு தட்டினால் நம் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஊசிவிட்டது. நீ குளிக்கப் போனதும் கிண்ணத்தைத் தெருவுக்குக் கொண்டுபோய் மூலையில் கிடந்த நாய்க்கு வழித்துப் போட்டேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது, எழுந்து போய் வேறு இடத்தில் படுத்துக்கொண்டது. நீ தலை துவட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டாய்.

"நாயே தொடலடா" என்றேன்.

"நாய்க்கு எலுமிச்சம்பழம் புடிக்காது நைனா. ஊசினது இல்ல, பழம் புழிஞ்சிருக்கேன்."

"ஊசிப்போனத மறைக்கவும் பழம் புழிவாங்க."

நீ சிரித்துவிட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்குக் கிளம்புமுன் கஸ்தூரிக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்து, தினம் ஒரு கிண்ணம் எனக்குக் கொண்டுவந்து வைக்கும்படி ஏற்பாடு செய்தாய். இரண்டு பேரும் என்னைப் பற்றிப் போனில் பேசிக்கொள்வது இந்தச் சுவர் வழியாகக் கேட்கும். சுவர் மெலிசு.

நீ ஊருக்குப் போன அதே வாரத்தில் நான் ஷேர் ஆட்டோ ஏறிச் செங்கம் ரோட்டுக்குப் போனேன், உன்னிடம் சொல்லவில்லை. ரமணாசிரமத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற கடைகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றின் எதிரில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹம்மஸ் என்ற பெயரில் அங்கேயும் அதே பட்டி மாவுதான், அதே குழி, அதே எண்ணெய். இட்லியைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிடுகிறவர்கள், ரொட்டியைப் பிய்த்து இதை மட்டும் கையால் வழித்து வழித்துச் சாப்பிடுகிறார்கள். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு ஒரு வெள்ளைக்கார அம்மாள் "வாங்க, சாப்பிடுங்க" என்று தமிழிலேயே கூப்பிட்டாள். வயிறு சரியில்லை என்று கையைக் காட்டிவிட்டேன். பரிமாறுகிற ஆள் கை கழுவ வெளியே வந்தான். உன் வயசுதான் இருக்கும், போளூர் பக்கம்.

"ஏம்பா, இது தெனம் ஓடுதா?"

"நல்லா ஓடுது பெரியவரே."

"நீ சாப்டுவியா?"

"நானா? எனக்கு எதுக்கு அது? வூட்லேர்ந்து சாம்பார் சோறு கொண்டாந்துட்டேன்."

அது போதும் எனக்கு. அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டு, பரிமாறுகிறவனே தொடமாட்டேன் என்கிறான் என்று சொன்னேன். "பிரியாணிக் கடைக்காரன் மூணு வேளையும் பிரியாணியா துன்றான்? வை நைனா, கேஸ் மேல கடாய் கீது" என்றாய். நீ சொன்னது ஞாயம்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்து அன்றைய கிண்ணத்தில் பாதியைத்தான் சாப்பிட்டேன். மீதியைக் கஸ்தூரி பார்க்காதபடி முருங்கை மரத்தடியில் கொட்டினேன். இதை எழுதும்போது அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா, இருக்கட்டும்.

இந்தக் குணம் எனக்கு என் நைனாவிடமிருந்து வந்தது. நான் பையனாக இருந்தபோது கப்பலில் வந்த பால் மாவையும் மக்காச்சோள ரவையையும் பள்ளிக்கூடத்தில் காய்ச்சி ஊற்றுவார்கள். எங்கள் ஊரில், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக நின்றால் ஊற்றிவிடுவார்கள். மழை பொய்த்துப்போய் வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் அவை. என் நைனா சொன்னார், "கப்பல்ல வந்தது இன்னா மாவோ, எதுக்குக் குடுக்கறானோ. ஒருத்தனும் போவக்கூடாது." பசியோடு எங்களைப் படுக்கவைத்தாலும் வைப்பார், தெரியாத வெள்ளை மாவை உள்ளே விடமாட்டார். என் தம்பி ஏழுமலை மட்டும் திருட்டுத்தனமாகப் போய்க் குடித்துவிட்டு, உதட்டுக்கு மேலே வெள்ளை மீசையோடு வருவான். நைனா வருவதற்குள் அம்மா முந்தானையால் துடைத்துவிடுவாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் எல்லோரிலும் அவன்தான் நன்றாக வளர்ந்தான். இதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அவனுக்கு ஒத்துக்கொண்டது, அவன் உடம்பு வேறு என்றுதான் நினைத்தேன்.

இனி பௌர்ணமிக்கு வருகிறேன். இதை நீ பாதிதான் கேட்டிருக்கிறாய். பொங்கலுக்கு முதல் நாள் பௌர்ணமி வந்தது. பௌர்ணமிதோறும் நான் மலை சுற்றுவேன், அன்றைக்கு வெங்காயம் பூண்டு தொடமாட்டேன், இது உனக்குத் தெரியும். காலையில் கஸ்தூரி கிண்ணத்தோடு வந்தாள்.

"பெரியப்பா, இன்னைக்கிப் பூண்டு போடல. சேகர் அண்ணன் நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. பெருங்காயம்தான் கரைச்சு வுட்டிருக்கேன்."

"பூண்டு வாடை வருதேம்மா."

"பெருங்காயம் அப்பிடித்தான் வரும்."

"நேத்து வாடை கிண்ணத்துல நின்னிருக்கும்."

"இது வேற கிண்ணம் பெரியப்பா."

"சரி, வெச்சிட்டுப் போ."

அவள் போனதும் கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தேன். மறுநாள் நீ வந்து உடம்பு தேறியிருக்கிறதா என்று பார்க்கப் போகிறாய். அதற்குள் ஒரு நாளும் குறையாமல் கிண்ணக் கணக்கைச் சரிக்கட்டுவதற்காக, விரதம் என்றுகூடப் பார்க்காமல் பூண்டைக் கலந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டேன். அதுதான் பெரிய தப்பு. மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வெயிலில் நடக்கக்கூடாது என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்வாள். கூட்டத்தோடு நடந்தேன். மலை சுற்றும் பாதையில் நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் வியர்த்துச் சட்டை நனைந்தது, எதிரில் வருகிறவர்கள் இரண்டு இரண்டாகத் தெரிந்தார்கள். அப்புறம் ரோடுதான் தெரிந்தது. யாரோ ஒரு புண்ணியவதி வாயில் சர்க்கரையைப் போட்டாள். யாரோ ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டு அனுப்பினார்கள்.

பொங்கலன்று விடிந்ததும் நீ வந்தாய். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீ கத்தவில்லை. என் நெற்றிக் கட்டைப் பார்த்தாய். அடுப்படிக்குப் போய்த் தட்டைத் தூக்கி, அப்படியே இருந்த கிண்ணத்தைப் பார்த்தாய். தட்டை மறுபடியும் கவிழ்த்தாய். உன் பொண்டாட்டி வாசலில் கோலத்துக்குச் செம்மண் கரைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாய்.

"அம்மா போனப்ப நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. உன்னயும் எவனாவது ரோட்லேர்ந்து தூக்கினு வந்தான்னு எனக்குப் போன் வரணுமா? பரீட்ச முடிஞ்சதும் வண்டி எடுத்துட்டு வர்றேன். ரெடியா இரு."

உன் பயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது பொய்யான பயம் இல்லை.

நீ ஊருக்குப் போன பிறகு கஸ்தூரி என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "மோந்து பாருங்க." முகர்ந்தேன். பூண்டும் வெங்காயமும் சேர்ந்து அழுகியது போல ஒரு வாடை. ஆயுசு பூராவும் ரசத்தில் கரைந்து வந்ததை, கட்டியாக முகர்ந்து பார்த்ததே இல்லை. அவள் பேசினாள். "இனிமே நான் அரைக்க மாட்டேன் பெரியப்பா. நீங்களே அரைச்சிக்கோங்க. உங்க கையால இன்னா போடறீங்கன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?" மிக்சி ஜாரைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்படித்தான் நான் அரைக்கக் கற்றுக்கொண்டேன், பாசத்தாலும் இல்லை, ஆசையாலும் இல்லை, வேறு வழியில்லாமல். முதல் முறை கடலை சரியாக வேகவில்லை, ஆற்று மணலை விழுங்குவது போல இருந்தது. அடுத்த முறை எள்ளைக் கருக விட்டுவிட்டேன், கசந்தது. கஸ்தூரி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, "கருகுது பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள். இப்போது வருகிறது. கடலையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட வேண்டும், காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அப்போதுதான் வயிறு உப்பாது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்தால் வெண்ணெய் போல நசுங்கும் வரை வேகவைக்க வேண்டும். வெள்ளை எள்ளை லேசாக, நிறம் மாறாமல் வறுத்து, அதைத் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு முதலில் அரைக்க வேண்டும். அப்புறம் கடலை, உப்பு, எலுமிச்சம்பழச் சாறு, ஒரு பல் பூண்டு. இறுகினால் கடலை வெந்த தண்ணீரே கொஞ்சம். நீ வாங்கி வைத்த ஆலிவ் எண்ணெய் பாட்டிலை நான் திறக்கவில்லை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் விடுகிறேன். மேலே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினேன் என்று சொன்னதற்கு, "நைனா, அது ஹம்மஸே இல்ல" என்றாய். அதற்கு என்ன பெயரோ வைத்துக்கொள், வாய்க்கு நன்றாக இருக்கிறது.

கேழ்வரகுக் களிக்கு இதைப் போலத் துணை வேறு இல்லை. இரண்டுமே மெல்லாமல் இறங்குகிற சரக்கு. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம், தோசைமேல் தடவலாம். பல் இருக்கிற உன் பிள்ளைகளுக்கு வெள்ளரிக்காயும் கேரட்டும் நறுக்கிக் கொடுத்து இதில் தோய்த்துத் தின்னச் சொல், ரொட்டியில் ஜாம் தடவுவதை விடு. ஆனால் கடையில் டப்பாவில் விற்கிறதை வாங்காதே. வாங்கினால் பின்பக்கம் என்ன போட்டிருக்கிறான் என்று படி, உனக்குப் படிக்கத் தெரியும். அதிகமாகவும் தின்னாதே. சின்னக் கிண்ணம் போதும், கூடினால் வாயு சேரும். நான் பட்டிருக்கிறேன். பிரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாளுக்கு மேல் வைக்காதே. எலுமிச்சம்பழப் புளிப்பு வேறு, ஊசிய புளிப்பு வேறு என்று இப்போது என் நாக்குக்குத் தெரியும். மாத்திரையை விட்டுவிட்டு இதை மருந்தாக நினைக்கவும் வேண்டாம். டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன், இந்த முறை நீ கூட இல்லாமல். "இது சாப்பாடுதான் பெரியவரே, மாத்திர மாத்திரதான். ஆனா பன்ன வுட்டுட்டு இத்தச் சாப்டறீங்க பாருங்க, அது நல்லது" என்றாள். ரத்தம் சோதித்த தாளைப் பார்த்து முன்னைக்குப் பரவாயில்லை என்றாள். தாளை நான் நம்பவில்லை. அரைஞாண் கயிற்றை நம்புகிறேன். தைமாதம் இடுப்பை விட்டு நழுவிக்கொண்டிருந்தது, இப்போது நின்ற இடத்தில் நிற்கிறது. ஹம்மஸ்தான் இதைச் செய்தது என்று சத்தியம் பண்ணமாட்டேன். களியாக இருக்கலாம், வேளைக்குச் சாப்பிட்டதாக இருக்கலாம். மாத்திரை போட்டால் சாப்பிடாமல் இப்போது வாசல் தாண்டுவதில்லை. மாசிப் பௌர்ணமியும் பங்குனிப் பௌர்ணமியும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், உட்கார்ந்து உட்கார்ந்து சுற்றிவிட்டு வந்தேன், சட்டைப் பையில் கற்கண்டு வைத்துக்கொண்டு. பெருங்காயம் போட்டதைத்தான் சாப்பிட்டேன். நானே கரைத்தது.

அதனால், நீ பொங்கலுக்கு வைத்த பரீட்சையில் தோற்றுப்போனேன், ஒத்துக்கொள்கிறேன். இப்போது மறுபடியும் வந்து பார். உன் வீட்டில் எனக்கு ஒரு அறை ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாய். உன் பொண்டாட்டி என்னை மாமா மாமா என்று நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள், அவள்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கஸ்தூரி, இந்த வரியை மாற்றாமல் எழுது. ஆனால் அங்கே பகலெல்லாம் ஒருவரும் இருப்பதில்லை. லிப்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்குத் தெரியாது. நான் விழுந்தால் அங்கேயும் உனக்குப் போன்தான் வரும். இங்கே சுவர் மெலிசு, இருமினால் கஸ்தூரிக்குக் கேட்கும். தினம் காலையில் மிக்சி சத்தம் கேட்டால் அவள் உனக்குச் செய்தி அனுப்புகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அனுப்பட்டும்.

இதெல்லாம் இருக்கட்டும். நான் வராததற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை, சொன்னால் என் அக்காவையும் சேர்த்து வண்டியில் ஏற்றப் பார்ப்பாய். மாசியிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் நான் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போகிறேன், உன் அத்தை பச்சையம்மாளைப் பார்க்க. தன் பேரன் வீட்டில் இருக்கிறாள். அவர்கள் நல்லவர்கள்தான், வேலைக்குப் போகிறவர்கள். காலையில் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறார்கள். அவளுக்கும் பல் இல்லை, கண்ணும் சரியாகத் தெரியவில்லை. யார் எதைக் கொடுத்தாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாளாம். "உங்க கையாலயாவது சாப்டுதா பாருங்க தாத்தா" என்று பேரன் பொண்டாட்டி போனில் சொன்னாள். நான் அரைத்ததைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். அவள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"யாருடா இத்த மென்னு எடுத்தாந்தது?"

"மிக்சி மென்னுச்சுக்கா."

"எனக்கு வோணாம்."

"மூக்கடலதான்கா. நானே அரைச்சேன்."

"நீயா? அடுப்புப் பக்கம் போயிருக்கியாடா நீ? மொதல்ல நீ துன்னு, பாக்கறேன்."

நான் ஒரு வாய் சாப்பிட்டேன். கண் தெரியாததால் என் தொண்டையில் கையை வைத்து, உள்ளே இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கியது. இன்னொரு வாய் தின்னச் சொன்னாள், அதையும் பார்த்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள். சட்டியை வழித்துக் காலி செய்தாள். "பூண்டு ஜாஸ்தி" என்றாள் கடைசியில். அடுத்த செவ்வாய் குறைத்துப் போட்டுக்கொண்டு போனேன். "உப்பு கம்மி" என்றாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு வா சேகர். வராதே என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வா. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னால் உட்கார்கிறேன், இரண்டு பேருமாகக் கீழ்பென்னாத்தூர் போகலாம். அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் வீட்டைப் பூட்டத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அப்போது பேசிக்கொள்வோம். எங்கள் அம்மா பெற்றவர்களில் பெரியண்ணன் கன்னியப்பன் கிணறு வெட்டப் போன இடத்தில் போனான். சின்னண்ணன் பழனி காமாலையில் போனான். தங்கச்சி அலமேலு பிரசவத்தில் போனாள். ஏழுமலை, நன்றாக வளர்ந்தவன், கொரோனாவில் போனான், அவன் முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. உன் அம்மாவும் போய்விட்டாள். நான் விழுங்குகிறேனா என்று தொண்டையில் கை வைத்துப் பார்க்க இன்னும் உயிரோடு இருப்பவள் பச்சையம்மாள் ஒருத்திதான்.